வியாழக்கிழமை மேசையில் ஒரு புட்டி

மோன்பெரு மேடு, கஸ்தியோன் அருகே
18 ஜனவரி 1976

ஒதீலுக்கு,

நலம்தானே? கழுத்து வலியைத் தவிர நானும் நலம். திராட்சைக் கொடிக்குக் கவாத்து நடக்கிறது. குனிந்து வெட்டி வெட்டி, நிமிர்ந்து நின்றால் வானம் புதிதாகத் தெரிகிறது. கடிதம் எழுதுவதில் நான் எவ்வளவு சோம்பேறி என்று உனக்குத் தெரியும். காரியம் இல்லாமல் எழுதவில்லை என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாபாரிகள் ஒருவரும் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஒயின் தொட்டிகள் நிறைந்து கிடக்கின்றன. போதாக்குறைக்கு, பக்கத்துத் தோட்டத்துப் பெய்ரோ வாரம் தவறாமல் வந்து நிற்கிறான். "எதுக்குடா இந்தப் பாடு? மேட்டுக் கொடியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு மக்காச்சோளம் போடு. சோளத்தை எவனும் மோந்து பாத்துட்டு மூஞ்சியைச் சுளிக்க மாட்டான்" என்கிறான். மார்ச் பிறந்ததும் டிராக்டரைக் கொண்டுவருவானாம். பிப்ரவரி முடிவதற்குள் ஒயின் விற்காவிட்டால் சரி என்று நானும் தலையாட்டிவிட்டேன். தலையாட்டின அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ வேலை பார்க்கும் ஒயின் வியாபாரி துபோஸ்க் வீட்டின் வியாழக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றி இங்கேகூடப் பேசுகிறார்கள். அந்த மேசை நல்லது என்று சொன்னால் கப்பல்துறை முழுக்க நல்லது என்று சொல்லுமாமே. என் எழுபத்தொன்றாம் வருஷத்து ஒயினை ஒரே ஒரு தடவை அதில் வை. எனக்காக நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். வைத்தால் போதும்.

இந்த ஒயினைத்தான் நீ அண்டை வீட்டார் எதிரே, "வந்தவங்களை உட்காருன்னு சொல்லாத வீட்டுக்காரன் மாதிரி இருக்கு" என்றாய். நான் கோபித்துக்கொண்டு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போர்தோ போனாய். அதையெல்லாம் இப்போது கிளறவில்லை. வைப்பாயா, மாட்டாயா?

ரெஜிஸ்

·

போர்தோ, ஷார்த்ரோன் துறை
22 ஜனவரி 1976

ரெஜிஸ்,

இரண்டு வருஷமாக "மழை பெய்தது, பூனை குட்டி போட்டது" என்று எழுதிக்கொண்டிருந்தவன் ஒரேயடியாகக் கொடியைப் பிடுங்கப்போகிறேன் என்கிறாய். காலையில் படித்துவிட்டு அலுவலகத்தில் காப்பியை மேலே கொட்டிக்கொண்டேன். பெய்ரோவின் டிராக்டர் சேற்றில் புதைய!

வைக்கிறேன். ஆனால் எங்கே கைவைக்கச் சொல்கிறாய் என்று தெரிந்துகொள். மேசையில் உட்காருகிறவரின் சொந்தக்காரர் ஒயினைத் துபோஸ்க் வீடு வாங்காது. அது அவருடைய அப்பா காலத்து விதி. இங்கே நான் என் அப்பா பெயரில் இருக்கிறேன். எனக்கு ஒரு கணவன் உண்டு, அவனுக்குக் கொடிகள் உண்டு என்று யாருக்கும் தெரியாது. நாம் பிரிந்திருப்பதும் சட்டப்படி இல்லை, சாப்பாட்டுத் தட்டுப்படிதான். ஆகவே நான் செய்யப்போவது தப்பு. தெரிந்தே செய்கிறேன்.

இன்னொரு விதியும் உண்டு. எல்லாப் புட்டிகளுக்கும் சமையற்காரி மார்த் பின்னிய கம்பளி உறை போட்டிருக்கும். சீஸ் வரும்வரை எவர் ஒயின் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தெரிந்தவர் வாயைவிட்டால் அன்றைக்கு அவருடைய அபிப்பிராயம் செல்லாது. உனக்காகப் பேச வேண்டாம் என்கிறாயே, பேசினால் எனக்குத்தான் நஷ்டம்.

வந்த புதிதில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துக் குறிப்பெழுதச் சொன்னார்கள். ஒருநாள் துபோஸ்க் திரும்பிப் பார்த்து, "மதாம், எழுதறதை நிறுத்திட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கங்க" என்றார். இந்த மேசையில் உட்கார்ந்த முதல் பெண் நான். அந்த நாற்காலியைத்தான் உனக்காகப் பணயம் வைக்கிறேன். உறைக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு புட்டி அனுப்பு. ஒன்றில் தக்கை கெட்டு ஒயின் நாறினால் மாற்று வேண்டும். உன் கஞ்சத்தனத்தை இதில் காட்டாதே.

ஒதீல்

·

மோன்பெரு மேடு
2 பிப்ரவரி 1976

ஒதீலுக்கு,

காப்பிக்கடை யுவோனின் அண்ணன் பால் லாரியில் இரண்டு புட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். மடியில் வைத்துக்கொண்டு வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். அவசரமென்றால் யுவோன் கடைக்கு போன் செய். அவள் போடும் கூச்சல் மேடு வரைக்கும் கேட்கும்.

நாற்காலி விஷயம் உறைத்தது. வேண்டாமென்று தோன்றினால் வைக்காதே. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ரெஜிஸ்

·

போர்தோ
13 பிப்ரவரி 1976

ஓடிப்போன ரெஜிஸுக்கு,

நேற்று மேசையில் என்ன நடந்தது என்று அறிய நீ தவித்துக்கொண்டிருப்பாய். தவி. கடைசியில்தான் சொல்வேன். துபோஸ்க் வீட்டு அடுக்களைவரை வந்து உட்கார்ந்திருந்தவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நழுவினாய் அல்லவா, அதற்கு இதுதான் தண்டனை. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தோம். துபோஸ்க் வழக்கம்போல் துணியைக் கழுத்தில் செருகிக்கொண்டு, ரொட்டி சுடுகிறவர் போலப் பெரிய கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டார். வலப்பக்கம் தரகர் லபோரி. ஆற்றின் இரு கரையிலும் பாதி ஒயின் இந்த மனிதர் வாய்ச்சொல்லில்தான் கைமாறுகிறது. அதே வாய் ஒரு தோட்டத்தை ஒழிக்கவும் செய்யும். எதிரே, ஒயின் வாங்க வரும் ஒல்லாந்துக்காரர் ரூமர். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். எப்போது வந்தாலும் தன் ஊர்ப் பழஞ்சீஸ் ஒரு சக்கரம் கொண்டுவருவார்.

சிப்பியும் சுடச்சுடத் தொத்திறைச்சியும் வந்ததுமே லபோரி ஆரம்பித்துவிட்டார். "ரூமர், உங்க ஊர்ல கடல் இருக்கு, சிப்பி இருக்கு. திங்கத் தெரிஞ்ச ஆளுதான்யா இல்ல."

"அதான் இங்க வந்து உன் பங்கையும் சேத்துத் திங்கறேன்" என்று ரூமர் அவர் தட்டிலிருந்தே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ரெஜிஸ், இந்தச் சாப்பாட்டைப் பார்த்து வெளியே சிரிக்கிறவர்கள் உண்டு. வேலை நாளில் நான்கு மணிவரை தின்றுகொண்டு குடித்துக்கொண்டு, இதற்குச் சம்பளமா என்பார்கள். காலையில் ருசி பார்க்கும் அறையில் நாங்கள் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு மரத்தூள் தொட்டியில் துப்பித் துப்பி, எதில் குறை இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறோம். அது சுலபம். எதனோடு ஒரு மனிதன் உட்கார்ந்து சாப்பிட முடியும், எது மூன்றாம் கோப்பையில் அலுக்கும், எது பேச்சை வளர்க்கும், இதெல்லாம் மதியம்தான் தெரியும். அங்கே துப்புவதில்லை. விலைக்கு வாங்குகிறவனும் துப்பப்போவதில்லையே என்பார் துபோஸ்க். இவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தால் கோயிலில் நிற்கும் பயபக்தி வந்துவிடுகிறது எனக்கு. அரட்டைக்கு நடுவில் ஒரு வாய் குடித்துவிட்டு லபோரி சட்டென்று நிறுத்துவார். அந்த ஒரு நொடியில் அந்த ஆள் பொய் சொன்னதே கிடையாது.

லாம்ப்ரே மீன் குழம்போடு நான்காவது புட்டி வந்தது. சாம்பல் நிற உறை. உன்னுடையது.

துபோஸ்க் மோந்தார். கோப்பையைக் கீழே வைத்தார். ரூமர் மோந்தார், வைத்தார். நானும் மோந்தேன். பூஞ்சணம் பிடித்த பழைய அட்டைப்பெட்டி நாற்றம். தக்கை கெட்டிருந்தது.

"யாரோ நனைஞ்ச நாயைப் புட்டிக்குள்ள அடைச்சிட்டாங்க" என்றார் லபோரி.

"மாத்துப் புட்டி எங்க?" என்றார் துபோஸ்க். யார் கொண்டுவந்த புட்டியோ அவர் சத்தம் போடாமல் எழுந்து மாற்றை எடுத்து மார்த்திடம் கொடுப்பதுதான் வழக்கம். ஒருவரும் எழவில்லை. ஏனென்றால் மாற்று இல்லை.

இரண்டு அனுப்பினேனே என்று குதிக்காதே. முந்தின நாள் புதன்கிழமை சாயங்காலம், ஒயின் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் திறந்தேன். ஒரு வாய்தான் என்று நினைத்தேன். காலை முழுக்கத் துப்பிவிட்டு வந்திருந்தவள், முட்டைப் பொரியலைத் தட்டில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தட்டு கழுவ எழுந்தபோது புட்டி காலி. அன்றைக்கு நான் சொன்னது தப்பில்லை, ரெஜிஸ். அன்றைக்கு அது அப்படித்தான் இருந்தது. இப்போது உட்காரச் சொல்கிறது. கோட்டைக் கழற்றி மாட்டச் சொல்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிற ஒருத்தி மாற்றுப் புட்டியைக் குடித்துத் தீர்ப்பாளா? நான் குடித்தேன்.

"எடுத்துட்டுப் போம்மா மார்த். எந்த மேட்டுச் சரக்கோ! இனி அந்தப் பக்கமே எட்டிப் பாக்கக் கூடாது" என்றார் லபோரி. புட்டி தூரப் போய்க்கொண்டிருந்தது. சீஸ் வந்ததும் பெயர் தெரிந்துவிடும், சாயங்காலத்துக்குள் துறை முழுக்க அவர் சொல் பரவிவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி எனக்கு, டிராக்டர் உனக்கு. எழுந்து நின்றேன்.

"அது என் புருஷனோட ஒயின்."

துபோஸ்க் வாயைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குப் புருஷன் இருக்காரா, மதாம்?"

"இருக்கார். கொஞ்ச தூரத்துல."

"மாத்துப் புட்டி?"

"நான் குடிச்சிட்டேன்."

லபோரிக்குப் புரையேறிவிட்டது. ரூமர் மட்டும் சிரிக்கவில்லை. "முழுசாவா?" என்றார்.

"முழுசா."

"துப்பாமலா?"

"துப்பாமத்தான்."

இனி கதவைக் காட்டப்போகிறார் என்று நான் கைப்பையைத் தேடினேன். துபோஸ்க் மற்ற இருவரையும் பார்த்து, "ரெண்டு வருஷமா இந்தம்மா நம்ம மேசைல இருக்காங்க. எதையாவது ஒரு கோப்பைக்கு மேல குடிச்சு யாராவது பாத்திருக்கீங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினார்கள். "பெரிய வீட்டுச் சரக்கையே பாதியில வெச்சிட்டுப் போறவங்க இவங்க. அப்ப அந்த ஒயினை நான் பாத்தே ஆகணும். உங்க அபிப்பிராயம் இனி செல்லாது மதாம், பேசிட்டீங்க. போய் போன் பண்ணுங்க. காத்திருப்போம்."

காத்திருந்தார்கள், ரெஜிஸ்! நீ அந்த ஓட்டை வண்டியில் ஒரு புட்டியோடு வந்து சேரும்வரை இவ்வளவு பெரிய மனிதர்கள் நாற்காலியைவிட்டு நகரவில்லை. வங்கிக்காரர் வந்து கீழே நிற்கிறார் என்று ஆள் வந்து சொன்னதற்கு, "அவரு நாளைக்கும் வருவாரு" என்றார் துபோஸ்க். "சீஸ் காயுது, என் மானம் போகுது" என்று மார்த் அடுக்களையிலிருந்து கத்திக்கொண்டே காளான் போட்டு இன்னொரு பொரியல் செய்து கொண்டுவந்தாள். விளக்குப் போட்டார்கள். லபோரி நாய்க் கதையை விட்டுவிட்டு, உன் மேடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு என்றெல்லாம் என்னைத் துருவினார்.

புட்டி வந்ததும் துபோஸ்க் அதற்கும் உறை போடச் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்த ஒயினுக்கு எதற்கு உறை என்றால், "விதி விதிதான்."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தேன். துபோஸ்க் குடித்தார். லபோரி குடித்தார், நிறுத்தினார். கோப்பையை மறுபடி நீட்டினார். ரூமர் தன் சீஸை வெட்டி எல்லார் தட்டிலும் வைத்தார். பேச்சு எங்கெங்கோ போயிற்று, மகள் கல்யாணம், ஆற்று வெள்ளம், யாருக்கோ மூட்டு வலி. ஒயினைப் பற்றி யாருமே பேசவில்லை. பேச்சு ஓய்ந்தபோது பார்த்தால் மற்ற புட்டிகளில் பாதி பாதி நின்றது. உன்னுடையதில் சொட்டு இல்லை.

அப்போது துபோஸ்க் சொன்னார்: "இதை நான் வாங்க முடியாது."

நான் மறுபடி கைப்பையைத் தேடினேன்.

"வாங்கினா இவங்க இந்த மேசைய விட்டு எழுந்திருக்கணும். ஒயின் எங்க தேடினாலும் கிடைக்கும். இந்த நாக்கு கிடைக்காது. ரூமர், உனக்குச் சொந்தக்காரங்க யாராவது இங்க இருக்காங்களா?"

"அந்த சீஸ் மட்டும்தான்" என்றார் ரூமர். "நான் எடுத்துக்கறேன். தொட்டில இருக்கறதையும் எடுத்துக்கறேன். ஆனா எந்தத் தொட்டின்னு மதாம் நேர்ல போய் ருசி பாத்துச் சொல்லணும். வருஷா வருஷம்."

லபோரி தரகு வேண்டாமென்றார். நாய் என்று சொன்ன பாவத்துக்காம்.

இதுதான் செய்தி. கொடிகள் நிற்கும். அடுக்களைக்கு ஓடிவந்தேன், உன்னிடம் சொல்ல. நாற்காலிக்கடியில் உன் பூட்ஸின் சேறுதான் இருந்தது. ஏன் போனாய்?

ஒதீல்

·

மோன்பெரு மேடு
16 பிப்ரவரி 1976

அன்புள்ள ஒதீல்,

கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்துவிடுவேனோ என்று பயந்து, முதல் பக்கங்களை வாசலில் நின்றபடி படித்தேன், மிச்சத்தை உள்ளே உட்கார்ந்து. "துப்பாமத்தான்" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

பெய்ரோவிடம் சொல்லிவிட்டேன். "ஒல்லாந்துக்காரன் குடிச்சா என்ன, குப்புறக் கவுந்தா என்ன, என் டிராக்டருக்கு வேலை போச்சு" என்று முறைத்தான். பிறகு அவனே ஒரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தான்.

ஏன் போனேன் என்கிறாய். சொல்கிறேன். எனக்குப் பேச வராது, எழுதத்தான் கொஞ்சம் வரும்.

மார்த் என் பூட்ஸுக்கடியில் செய்தித்தாளைப் போட்டு உட்காரவைத்து ஒரு தட்டு சூப் கொடுத்தாள். தயாரிப்பவன் மேசைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றாள். கொஞ்சம் சூப் மிச்சம் இருக்கும்போது நம் வழக்கப்படி அதில் ஒயினை ஊற்றித் தட்டோடு தூக்கிக் குடித்தேன். "நம்ம ஆளுதான்" என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு தட்டுகள் கொடுக்கிற சின்ன ஜன்னலைக் காட்டி, "வேணும்னா எட்டிப் பாரு. நான் பாக்கல" என்றாள்.

பார்த்தேன். நீ கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவர்கள் என் ஒயினைக் குடித்தார்கள். குடித்துவிட்டு, மூன்று பேரும், ஒவ்வொருவராக, உன் முகத்தைப் பார்த்தார்கள். கோப்பையைப் பார்க்கவில்லை, ஒதீல். நீ பேசக் கூடாது என்று அவர்களே விதித்துவிட்டு, உன் முகத்தில் என்ன இருக்கிறது என்று தேடினார்கள். அந்தப் பெரிய கைக்காரக் கிழவர் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை இருந்தது.

என் வீட்டில் நீ வாய்விட்டே சொன்னாய். நான் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் அடுக்களையில் உட்கார முடியாது. திரும்பி வா என்று உன்னைக் கேட்கத்தான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். அந்த மேசையிலிருந்து உன்னை எழுப்பி எங்கே கூட்டிப்போவேன்? என் எதிரே உட்காரவா? கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

ரூமரின் நிபந்தனைக்காக நீ இந்தப் படி ஏற வேண்டாம். வேறு யாரையாவது அனுப்பச் சொல். குறை சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். உன் நாற்காலியில் நன்றாக உட்கார்ந்திரு.

என்றும் நன்றியோடு,
ரெஜிஸ்

·

போர்தோ
20 பிப்ரவரி 1976

ரெஜிஸ்,

வேறு யாரையாவது அனுப்புவதாம்! ரூமர் கேட்டது என் நாக்கை. அதை அஞ்சலில் அனுப்ப முடியாது. நீ யார் எனக்கு விடுமுறை கொடுக்க?

28ஆம் தேதி, சனிக்கிழமை, முதல் ரயிலில் வருகிறேன். இது வேலை. தொட்டியறையைக் கழுவி வை, சோப்பு வாசனை வரக் கூடாது. நல்ல கோப்பை வேண்டும், கடுகுப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தாயானால் அப்படியே திரும்பிப் போவேன். அன்றைக்குப் புகை பிடிக்காதே. எந்தத் தொட்டியாவது பிடிக்காவிட்டால் உன் முகத்துக்கு நேரே சொல்வேன், பெய்ரோ பக்கத்தில் நின்றாலும் சொல்வேன். நீயும் பதிலுக்குச் சண்டை போடு. சண்டை போட்டால் நான் தாங்குவேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மார்த்தோடு சண்டை போட்டேன், ஜன்னலைத் திறந்துவிட்டதற்காக. "பின்ன என்ன பண்ணச் சொல்ற? அந்த ஆளு சூப்பைக் குடிச்ச அழகுல எனக்கே மனசு இளகிடுச்சு" என்கிறாள். ஊரே உன் பக்கம்.

நாற்காலியை நான் விடப்போவதில்லை, ரெஜிஸ். திங்கள் காலை ருசி பார்க்கும் அறையில் இருப்பேன், வியாழன் மேசையில் இருப்பேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒருத்தி இரண்டு மேசைகளில் உட்காரக் கூடாது என்று துபோஸ்கின் அப்பாகூட விதி எழுதவில்லை. கேட்க மாட்டேன் என்று நீ எழுதியது நல்லதுதான். கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

யுவோனுக்கு போன் செய்து ரயில் விவரம் கேட்டேன். சனிக்கிழமை போர்தோவுக்குக் கடைசி வண்டி மாலை ஏழு மணிக்காம். அது நானில்லாமல் போகட்டும்.

உன்
ஒதீல்